இரண்டு மணிக் கூட்டம்

அழகுமலைக்குப் படம் வரைய வராது. அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கரும்பலகையில் தவளை வரைந்தால் பிள்ளைகள் பலாப்பழம் என்று சொல்லிச் சிரிக்கும். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வார். மற்றபடி அவரிடம் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. வல்லத்திராக்கோட்டை வட்டாரத்தில் விஞ்ஞானம் நடத்திய வாத்தியார்களில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துக்கொண்டு போனவர் அவர் ஒருவர்தான்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த வட்டாரத்து ஆசிரியர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கூட வேண்டும். ஆசிரியர் மன்றக் கூட்டம் என்று பெயர். இறைவணக்கம், ஒருவர் மாதிரிப் பாடம், ஒருவர் கட்டுரை, இன்ஸ்பெக்டர் வந்திருந்தால் அவருடைய புத்திமதி, கடைசியில் நன்றியுரை. ஒரு மணிக்குள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் சைக்கிளைத் திருப்பிவிடுவார்கள். அங்கே போய் யாரும் எதையும் கற்றுக்கொண்டதாகப் புகார் வந்ததில்லை.

1957ஆம் வருஷம் ஆடி மாதக் கூட்டத்தில் மாதிரிப் பாடம் அழகுமலையின் முறை. பூவின் பாகங்கள். ஒரு செம்பருத்தியைப் பிளேடால் நீளவாக்கில் அறுத்துக் காட்டி, அதைக் கரும்பலகையில் வரைந்தார். வந்திருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். கிராமபோன் குழாய் மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். சிரிக்காமல் இருந்தது பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஞானமணி மட்டும். மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர். ஆவூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி இரண்டாவது வருஷமே கணவர் காலமாகிவிட, பரீட்சை எழுதி டிராயிங் டீச்சரானவர். தன் அம்மாவோடு பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே குடியிருந்தார். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கூட்டங்களில் அதுவரை அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

அவர் எழுந்து முன்னால் வந்து அறுத்த பூவை வாங்கிப் பார்த்தார். நடுவில் போகிற குழல் எங்கே தொடங்குகிறது, அதற்குள் ஓடுகிற நூல் மாதிரியானது எங்கே போய் முடிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அழகுமலை சொல்லச் சொல்லச் சாக்கட்டியை வாங்கி, அவர் வரைந்ததற்குப் பக்கத்திலேயே இன்னொரு பூ வரைந்தார். பத்து நிமிஷம். கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

"நான் இருவது வருசமா செம்பருத்தி வரையிறேன் சார். உள்ளே என்ன இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார் ஞானமணி.

அன்றைக்கு ஒரு மணிக்குக் கூட்டம் கலைந்தபோது மூன்று பேர் வீட்டுக்குப் போகவில்லை. அழகுமலை, ஞானமணி, மூன்றாவது ஆள் தமிழாசிரியர் கண்ணுசாமி. கண்ணுசாமிக்கு நல்ல குரல். பாட்டு வகுப்பும் அவர்தான் எடுத்தார். அவரவர் கொண்டுவந்த கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு மூவரும் மறுபடி அந்தக் கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த மூவர் கூட்டத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இரண்டு மணிக் கூட்டம் என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது.

அதற்கென்று அவர்களாகவே சில ஏற்பாடுகள் செய்துகொண்டார்கள். ஒருவர் பாடம் நடத்தினால் மற்றவர்கள் பிள்ளைகளாக உட்கார வேண்டும். முடிந்ததும் நன்றாக இருந்தது என்று சொல்லக் கூடாது. எந்த இடத்தில் புரியாமல் போயிற்று என்று சொல்ல வேண்டும். பிறகு அதே பாடத்தை அவரவர் பள்ளிக்கூடத்தில் நடத்தி, பிள்ளைகள் எழுதியதையும் வரைந்ததையும் அடுத்த மாதம் கொண்டுவர வேண்டும். சத்தம் என்ற பாடத்துக்குக் கண்ணுசாமி ஒரு பானையின் வாயில் தோலைக் கட்டி, அதன்மேல் ஆற்றுமணலைத் தூவி, பக்கத்தில் நின்று பாடினார். ஒவ்வொரு சுரத்துக்கும் மணல் ஒவ்வொரு மாதிரி துள்ளியது. அந்தத் துள்ளலைப் பிள்ளைகள் வரைய வேண்டும் என்றார் ஞானமணி. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஏன் சிவக்கிறது என்று அழகுமலை விளக்கியபோது, அந்தச் சிவப்பை அவ்வளவு நாளும் படத்துக்குப் பூசிக்கொண்டிருந்த ஞானமணி, சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு தடவை திரும்பச் செய்து பார்த்தார்.

மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். இரண்டாம் வருஷம் பன்னிரண்டு பேர். அந்தத் தை மாதம் பன்னிரண்டு பேரும் பஸ் பிடித்துச் சித்தன்னவாசலுக்குப் போனார்கள். குகையின் மேல்கூரையில் இருந்த தாமரைக் குளத்தை அழகுமலை அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, வரைந்தவனுக்குத் தாவரவியல் தெரியாது போலிருக்கிறது, இலையெல்லாம் இஷ்டத்துக்கு மடங்கிக் கிடக்கிறது என்றார். ஞானமணி அவரை அங்கேயே கல்தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் யாரோடும் பேசக் கூடாது என்று உத்தரவு. படுத்துக்கொண்டே பார்க்கப் பார்க்க, ஒரே குளத்தில் மொட்டும் பாதி விரிந்ததும் முழுதாக மலர்ந்ததும், காற்றில் புரண்டு அடிப்பக்கம் காட்டுகிற இலையும், தண்டுகளுக்கு நடுவே மீனும் ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குத் தட்டுப்பட்டன. எழுந்து உட்கார்ந்து, தான் சொன்னது தப்பு என்றார்.

"இப்படிப் பாக்கிறதுக்குப் பேரு என்ன சார்? விஞ்ஞானமா, டிராயிங்கா?" என்று கேட்டார் ஞானமணி.

 அன்றைக்கு அழகுமலை ஒரு முடிவு செய்துகொண்டார். படம் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஞானமணி அவருக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். தினமும் ஒரு இலை. மாதக் கூட்டத்தில் முப்பது இலைகளையும் சிவப்புப் பென்சிலால் திருத்தித் தருவார். எலையை வரையாதீங்க, எலையைச் சுத்தி இருக்கிற காலி எடத்தை வரைங்க, எலை தானா வரும் என்பார். அழகுமலையின் மனைவி காத்தாயி பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. நாற்பது வயதுக்காரர் முற்றத்தில் குந்திக்கொண்டு வேப்பிலையை வரைகிறதைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு அவளே ஒவ்வொரு நாளும் ஒரு புது இலை பறித்துக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை தூக்குச்சட்டியில் ஞானமணி டீச்சருக்கென்று கூடுதலாக ஒரு பிடி சோறு வைப்பாள்.

மூன்றாம் வருஷம் முடிவதற்குள் அவர் வரைந்தது தவளையாகவே இருந்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொள்வார். அப்படி ஒரு சந்தோஷம்.

1960 மாசியில், மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி இரண்டு மணிக் கூட்டத்தைப் பார்க்க வந்தார். எப்படியோ அவர் காதுக்கு விஷயம் போயிருந்தது. யார் பாடம் நடத்துவது என்று பேச்சு வந்தபோது, ஞானமணிதான் அழகுமலை தனியாக நடத்தட்டும் என்றார். விஞ்ஞான வாத்தியார் வரைகிறதை அதிகாரி பார்க்கட்டும், அதுதான் நம் கூட்டத்துக்கு மரியாதை என்றார்.

அன்றைக்கு அழகுமலை நடத்தியது மீன். உடம்பு, செதில், செவுள், துடுப்பு என்று பேசிக்கொண்டே, கையை எடுக்காமல் வரைந்தார். கோடு எங்கேயும் தடுமாறவில்லை. அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாடம் முடிந்ததும், டிராயிங் டீச்சர் உதவி இல்லாமலே இதை நடத்த முடியுமா என்று கேட்டார்.

"முடியும் சார். இந்தக் கூட்டத்துல யாரோட பாடத்தை யார் வேணும்னாலும் எடுப்போம்" என்றார் அழகுமலை. சொல்லும்போது அவர் பார்வை ஞானமணியிடம் போயிற்று. ஞானமணி பெருமையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நன்றி சொல்வதாகத்தான் அழகுமலை அதைச் சொன்னார்.

அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மூன்று வருஷ வேலையையும் ஓர் அறிக்கையாக எழுதி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

பதினோரு பக்கம் எழுதினார் அழகுமலை. கண்ணுசாமி தமிழைத் திருத்திக்கொடுத்தார். படங்களை ஞானமணி வரைவதாக ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்தபிறகு மூவரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஞானமணி மையைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து, அதற்குப் பொருத்தமான படத்தை ஓரத்தில் வரைந்துகொண்டு வந்தார். ஒன்பதாம் பக்கத்தில் அவர் கை நின்றது.

அங்கே இப்படி இருந்தது: 'இம்முறையில் பயிற்சி பெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவரே, ஓவிய ஆசிரியரின் துணையின்றி, இவ்விரு பாடங்களையும் செவ்வனே நடத்த இயலும்.'

"இந்த வரி இருக்கணுமா சார்?" என்று கேட்டார் ஞானமணி.

"அதுதானே டீச்சர் நம்ம கூட்டம் செஞ்சதுலயே பெரிய காரியம்" என்றார் அழகுமலை. கண்ணுசாமியும் தலையாட்டினார்.

ஞானமணி கொஞ்ச நேரம் பேனா முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சரி சார் என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு புங்கங்கிளை வரைந்தார். அறிக்கையிலேயே அழகான படம் அதுதான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த வருஷம் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் உத்தரவு வந்தது. அந்த வட்டாரத்தில், பயிற்சி பெற்ற விஞ்ஞான ஆசிரியர் கிடைக்கக்கூடிய பள்ளிகளுக்கு இனி டிராயிங் ஆசிரியருக்கென்று தனி மானியம் கிடையாது. அழகுமலையின் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிரதி வந்தது. தலைமையாசிரியர் அதை வாசித்துக் காட்டினார். மூன்றாவது பத்தியில் 'துணையின்றி', 'செவ்வனே நடத்த இயலும்' என்ற வார்த்தைகள் அப்படியே இருந்தன. அழகுமலை அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி மறுபடி வாசித்தார். 

வட்டாரத்தில் ஐந்து டிராயிங் ஆசிரியர்களுக்கு வேலை போயிற்று. அதில் ஞானமணியும் ஒருவர்.

மறுநாளே அழகுமலை லீவு போட்டுவிட்டுத் திருச்சிக்குப் பஸ் ஏறினார். அந்த அதிகாரி அவரை அடையாளம் கண்டு, உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். அழகுமலை பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். தான் எழுதியதன் அர்த்தம் அது இல்லை, அந்த டீச்சர் சொல்லிக்கொடுத்ததால்தான் தன்னால் வரைய முடிந்தது, அவர் இல்லாவிட்டால் அடுத்து வருகிற வாத்தியாருக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்றெல்லாம் அழகுமலை சொல்லிப் பார்த்தார். அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் எழுதியது பொய்யா என்று மட்டும் கேட்டார். அழகுமலையால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. காபி ஆறிப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் காத்தாயி விவரம் கேட்டாள். அவர் மறைக்காமல் சொன்னார். 

"அந்தம்மா பொழப்புல நீங்களா கை வச்சீங்க?" என்றாள்.

சனிக்கிழமை அவர் ஞானமணியின் வீட்டுக்குப் போனபோது சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீமிசலில் தங்கை ஞானசெல்வி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போவதாக ஏற்பாடு. வண்டி பேசியாகிவிட்டது. ஞானமணி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. அதுதான் அழகுமலைக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கே என்னைத் தடுத்திருக்கலாமே டீச்சர்" என்றார்.

"கேட்டேனே சார்."

"கேட்டீங்க. ஆனா இப்படி ஆகும்னு சொல்லலையே."

"எனக்கும் முழுசாத் தெரியாது. அந்த வரி சரியாப் படல, கேட்டேன். நீங்க எழுதுனது பொய்யா இருந்தா, இது தப்புன்னு சண்டை போட்டிருப்பேன். உண்மையாப் போச்சு. நான்தானே ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன்."

அவர் அம்மா உள்ளேயிருந்து ஏதோ கேட்டார். ஞானமணி பதில் சொல்லிவிட்டு மறுபடி இவர் பக்கம் திரும்பினார். கூட்டத்தை விட்டுவிட வேண்டாம், தொடர்ந்து நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதை மட்டும் அழுத்திச் சொன்னார். அழகுமலை நடத்துவதாக வாக்குக் கொடுத்தார்.

வாக்கைக் காப்பாற்ற அவர் முயற்சி செய்யாமல் இல்லை. ஆடி மாதக் கூட்டத்துக்கு எப்போதும் போல் இரண்டு மணிக்குக் கரும்பலகை முன்னால் உட்கார்ந்தார். ஒரு வருஷத்துக்கு முன்னால் பத்தொன்பது பேர் இருந்த இடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். தையல் சொல்லிக்கொடுக்கிற சொர்ணவல்லி டீச்சரை அடுத்த பாடம் நடத்தச் சொன்னபோது, எனக்குத் தெரிந்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன் சார், ரெண்டு பிள்ளைகளை வளர்க்கணும் என்று சொல்லிவிட்டார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. புரட்டாசியில் மூன்று பேர். ஐப்பசியில் கண்ணுசாமி ஒரு மணிக்கே செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க அழகுமலை. பாட்டு வகுப்பு எங்கிட்ட இருக்கு. இன்னும் ரெண்டு பேரு பாட ஆரம்பிச்சா அதையும் ஒரு அறிக்கையில எழுதிருவாங்க."

"நானா எழுதுவேன்?"

"நீங்க எழுத மாட்டீங்க. போன தடவையும் நீங்க நெனச்சு எழுதலையே" என்றார் கண்ணுசாமி. சொல்லிவிட்டு அவரே வருத்தப்பட்டு, அழகுமலையின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு தடவை அழகுமலை தனியாகவே மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தார். அதோடு சரி.

உத்தரவுப்படி டிராயிங் வகுப்பும் அவரிடம் வந்தது. வாரத்துக்கு இரண்டு பீரியடு. அவர் வரைவார், பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். நாற்பது நோட்டிலும் ஒரே மாடு, ஒரே மாமரம். ஞானமணியின் வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் நாற்பது மாடு வரைந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அது எப்படி வந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. வரையக் கற்றுக்கொண்டதோடு எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைத்துவிட்டார்.

1962 கார்த்திகையில் அதே அதிகாரி அழகுமலையின் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். புது ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். ஏழாம் வகுப்பு. பாடம் வெட்டுக்கிளி. வகுப்புக்குள் நுழையும்போதே அழகுமலை மனதுக்குள் ஒன்று தீர்மானித்திருந்தார். தப்பாக வரைவது. விஞ்ஞான வாத்தியாரால் தனியாக இது முடியாது என்று அதிகாரி தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும். டிராயிங் டீச்சர் வேண்டும் என்று அவரே எழுதட்டும்.

உடம்பைக் கோணலாக இழுத்தார். மார்பிலிருந்து வர வேண்டிய ஆறு கால்களில் நான்கை வயிற்றிலிருந்து கிளப்பினார். பின்னங்கால் முட்டியை எதிர்ப்பக்கம் மடக்கினார். பழகின கை நேராகப் போகப் பார்த்தது. வம்பாகத் திருப்பினார். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் குனிந்து அதைப் பார்த்து நோட்டில் வரைந்தார்கள்.

அதிகாரி பார்த்துக்கொண்டே நின்றார். ரொம்ப நல்லது, நல்ல முன்னேற்றம் என்றார்.

அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெஞ்சு பெஞ்சாக நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே போனவர், மூன்றாவது பெஞ்சில் ராசாத்தி என்ற பெண்ணிடம் நின்றார். அவள் முதல்நாளே ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். போர்டைப் பார்க்காமல் அதைப் பார்த்து வரைந்திருந்தாள். ஆறு காலும் மார்பிலிருந்து வந்தன. அதிகாரி போர்டையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாத்தியார் வரைந்ததைக் கவனிக்காமல் விளையாடுகிறாயா, அழித்துவிட்டுப் போர்டைப் பார்த்து வரை என்றார். ராசாத்தி அழகுமலையைப் பார்த்தாள்.

அவர் பேசாமல் நின்றார். உண்மையைச் சொன்னால் வேண்டுமென்றே தப்பாக வரைந்ததையும் சொல்ல வேண்டிவரும். அவள் ரப்பரை எடுத்து அழித்தாள்.

அதிகாரி போனபிறகு அதைத் திருத்திவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் ஏனோ செய்யவில்லை. அதற்கு மறுநாள் வேறு பாடம். பிறகு அந்த நோட்டுப் பக்கமே போக அவருக்கு மனம் வரவில்லை.

1964இல் உத்தரவைத் தளர்த்தினார்கள். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி டிராயிங் இடம் கிடைத்தது. பழைய டீச்சர் வந்தால் அவருக்கே கொடுப்போம் என்று மிஷன் சாமியார் சொல்லியனுப்பினார். கடிதம் போட்டால் போதாது, நானே போகிறேன் என்று அழகுமலை கிளம்பிவிட்டார். அறந்தாங்கியில் பஸ் மாறி மீமிசலில் இறங்கியபோது உச்சிப்பொழுது. மீன் ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக் கேட்டு ஞானசெல்வியின் வீட்டைக் கண்டுபிடித்தார்.

ஞானமணி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. அம்மா இறந்துபோய் ஒரு வருஷமாகிறது என்றார். எல்லோரையும் விசாரித்தார், கண்ணுசாமியை, காத்தாயியை, சொர்ணவல்லியின் பிள்ளைகளை. கூட்டத்தைப் பற்றிக் கேட்டபோது அழகுமலை உள்ளதைச் சொன்னார். ஞானமணி தலையாட்டினார். பிறகு அழகுமலை வேலை விஷயத்தைச் சொன்னார்.  ஞானமணி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடியில் போட்டு நீவிக்கொண்டே யோசித்தார். வந்துவிடுவார் போலத்தான் இருந்தது.

அந்த இடத்தில் அழகுமலை தன் மனப்பாரத்தை இறக்கி வைக்க நினைத்தார். தான் சும்மா இருக்கவில்லை, அவருக்காகத் தன்னால் ஆனதைச் செய்து பார்த்ததாகச் சொல்லி, வெட்டுக்கிளியைத் தப்பாக வரைந்த கதையைச் சொன்னார்.

ஞானமணியின் கை நின்றது.

"எத்தனை பிள்ளைங்க சார்?"

"நாப்பத்திரண்டு."

"எல்லாம் அதையே வரைஞ்சுச்சா? ஒரு பிள்ளைகூடவா பூச்சியப் பாக்கல?"

அழகுமலையால் அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. ராசாத்தியைப் பற்றிச் சொன்னார். தீப்பெட்டியைச் சொன்னார். ரப்பரைச் சொன்னார்.

"அழிக்கச் சொன்னப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"பேசாம நின்னேன் டீச்சர்."

"மறுநா திருத்துனீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் யாரோ மீன் விலை சொல்லிக்கொண்டு போனார்கள்.

"என் வேலை போனதுக்கு நான் ஒங்க மேல குத்தம் வச்சதே இல்ல சார்" என்றார் ஞானமணி. குரல் உயர்ந்திருந்தது. அவ்வளவு வருஷத்தில் அந்தக் குரலை அழகுமலை கேட்டதில்லை. "நல்லதுன்னு நெனச்சுத்தான் எழுதுனீங்க. இது அப்படி இல்லையே. நாம மூணு வருசம் உக்காந்து தேடுனது எல்லாம் அந்த ஒரு பிள்ளையத்தானே. புத்தகத்தைப் பாக்காம, போர்டைப் பாக்காம, பூச்சியப் பாக்கிற பிள்ள. அது வந்து நின்னப்ப நீங்க பேசாம நின்னிருக்கீங்க."

"ஒங்களுக்காகத்தான் டீச்சர் அப்படிச் செஞ்சேன்."

"அதைச் சொல்லாதீங்க. என் பேரை அதுல சேக்காதீங்க."

எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஞானசெல்வி வந்து, அக்கா தலைவலி என்று படுத்துவிட்டது, சோறு போடுகிறேன், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். வேலைக்கு வருவதைப் பற்றி என்ன சொல்லட்டும் என்று அழகுமலை கேட்டார். அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, வரவில்லை என்று சொல்லச் சொன்னதாகச் சொன்னாள். அழகுமலை சாப்பிடாமலே பஸ்ஸுக்கு நடந்தார்.

ஊருக்கு வந்ததும் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, அந்த வருஷத்து ஏழாம் வகுப்புப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எட்டாவதோடு பாதிப்பேர் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். மீதிப்பேர் வேறு ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இருந்தார்கள். சனிக்கிழமைதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் போனார். மாடு மேய்க்கிற இடத்தில், கிணற்றடியில், கடைவாசலில் நிறுத்தி வைத்து, மண்ணில் குச்சியால் வெட்டுக்கிளி வரைந்து, அன்றைக்கு நான் காட்டியது தப்பு, இதுதான் சரி என்று சொன்னார். சிலர் கூச்சத்தோடு சிரித்தார்கள். சிலருக்கு என்ன சொல்கிறார் என்றே பிடிபடவில்லை. வாத்தியாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று காத்தாயியிடம் வந்து சொன்னவர்களும் உண்டு. அவர் போவதைக் காத்தாயி தடுக்கவில்லை.

ராசாத்தியைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் போயிருக்க வேண்டியது அங்கேதான். துணிச்சல் வரவில்லை. கடலைக்காட்டில் நாலைந்து பெண்களோடு களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வரப்புக்கு வந்தாள். பதினைந்து வயது இருக்கும். வளர்ந்துவிட்டாள். அவர் குனிந்து மண்ணில் வரையத் தொடங்கினார். கால் வரைகிற இடத்தில் அவளே சொன்னாள்.

"ஞாபகம் இருக்கு சார். நான் வரைஞ்சதுதான் சரி."

"ஆமா. நீ வரைஞ்சதுதான் சரி. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"பரவாயில்ல சார். அதுக்கப்புறம் நான் பூச்சி எதையும் பாக்கல. போர்டைப் பாத்தே வரைஞ்சேன். பரீட்சையில நல்ல மார்க்கு வந்துச்சு."

குறை சொல்கிற மாதிரி அவள் அதைச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மற்ற பெண்கள் கூப்பிட்டார்கள். வாரேன் சார் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் களைக்கொத்தை எடுத்துக்கொண்டாள்.

அழகுமலை வரப்பில் உட்கார்ந்திருந்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்து ஞானமணிக்கு ஒரு கடிதம் எழுதினார். நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தேழு பேரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், ராசாத்தியையும் பார்த்தேன் என்று எழுதினார். ராசாத்தி சொன்னதை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அப்படியே ஒட்டித் தபாலில் சேர்த்தார்.

பதில் வரவில்லை.